மினுக்கிக் கொடுத்த கோது

எண்பதுகளின் நடுவில் பிரெஞ்சுத் தலைநகரின் லாச்சப்பல் பகுதியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, வெடித்து முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைத் துப்புரவாக்குவது. குறி பார்த்துச் சுடுவதை விளையாட்டாக வைத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் அவற்றைப் பொறுக்கி ஒரு துவக்குக் கடையில் கொடுப்பார்கள். கடைக்குக் கீழே இருந்த நிலவறையில் நான் கழுவிக் கொடுத்தால்தான் திரும்ப வெடிமருந்து அடைக்கலாம். வேலை செய்யும் பத்திரம் என்னிடம் இல்லை. கடை முதலாளியான பத்ரோனும் கேட்கவில்லை.

முதலில் கோதின் அடியில் இருக்கும் சின்ன மூடியை ஊசியால் குத்தித் தள்ள வேண்டும். துவக்கு அடித்ததில் நடுவே பள்ளம் விழுந்த மூடி அது. பிறகு சவர்க்காரத் தூளும் கொஞ்சம் வினாகிரியும் விட்ட சுடுதண்ணீரில் ஊற வைத்து, அலசி, காயவிட்டு, சோளப்பொத்தித் தூளோடு சுழலும் பீப்பாவுக்குள் போட வேண்டும். கடகடவென்று சுற்றி முடிந்து வெளியே எடுத்தால் கல்யாண வீட்டுச் செம்புபோல மினுங்கும். வெடிப்பு விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்குவேன்.

எங்கள் அறையில் ஐந்து பேர். மற்ற எல்லோரும் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். அதில் மூத்தவர் மன்னார்க்காரர், ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவோம்.

"நாங்கள் வெள்ளைக்காரன்ரை எச்சில் கோப்பை கழுவுறம், நீர் துவக்கின்ரை எச்சில் கோப்பை கழுவுறீர்" என்றார் ஒருநாள். ஆட்கள் போகிற போக்கில் சொல்லும் இப்படியான கதைகளைக் கேட்ட இடத்திலேயே மனதில் முடிந்து வைத்துக்கொள்கிறவன் நான். ஒரு கிழமை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அண்ணையின் தம்பியை ஆமிக்காரர்கள் வீட்டு வாசற்படலையடியில் வைத்துச் சுட்டவர்கள். அடுத்தது தான் என்று பயந்து ஓடி வந்தவர் அண்ணை. அவருடைய அகதி விண்ணப்பத்தை, ஆதாரம் இல்லையென்று ஒருமுறை தள்ளிவிட்டார்கள். மேன்முறையீடு ஒன்றுதான் மிச்சம். அதற்காக, படலையடியில் பொறுக்கி வைத்திருந்த கோதை அவருடைய மனைவி மிளகாய்த்தூள் பார்சலுக்குள் புதைத்து அனுப்பியிருந்தார். உள்ளே கரி. வாயோரத்தில் காய்ந்த மணல்.

"தம்பி, இதையும் ஒருக்கா உம்மடை பீப்பாவுக்கை போட்டெடுத்துத் தாரும்."

"ஏன் அண்ணை, இப்பிடியே குடுக்கலாமே?"

"விசர்க்கதை கதையாதையும். நீதவானுக்கு முன்னாலை ஊத்தைச் சாமானை வைக்கிறதே? நான் போட்டுக்கொண்டு போற கோட்டையும் தோய்க்கக் குடுத்திருக்கிறன்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எனக்குத் தெரிந்த ஒரே வேலையால் அவருக்கு உதவக் கிடைத்ததே என்று புளுகமும் சந்தோஷமுமாக இருந்தது. கைப்பழக்கத்தில் அடிமூடியைக் குத்தித் தள்ளினேன். மற்ற மூடிகள் கிடந்த வாளிக்குள் அது விழுந்தது. நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அட, பொன் மாதிரியெல்லோ!" என்று அண்ணை அதை வெள்ளை லேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டார்.

விசாரணைக்கு நானும் கூடப்போய்ப் பின்பக்க வாங்கில் இருந்தேன். மொழிபெயர்க்க வந்தவர் பாண்டிச்சேரிக்காரர், வயதானவர். நடுவில் இருந்த நீதவான் கோதை உருட்டிப் பார்த்தார். கவிழ்த்து அடியில் இருந்த ஓட்டையைப் பேனா முனையால் தொட்டார்.

"இது எங்க கிடைச்சுதுன்னு கேக்குறாரு."

"என்ரை வீட்டுப் படலையடியிலை ஐயா. தம்பியைச் சுட்டது."

"இவ்ளோ பளபளன்னு இருக்கேங்கறாரு. அடியில மூடியும் இல்ல. மறுபடி மருந்து போடறதுக்காகத் தயார் பண்ணின மாதிரி இருக்கு, இந்த ஊர்க் கடையிலயே வாங்கலாமேங்கறாரு. யாரு இப்படிப் பண்ணினா?"

அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். என் விண்ணப்பமும் அந்த நேரம் கிடப்பில்தான் இருந்தது. பத்திரமில்லாத வேலை வெளியே வந்தால் என் கதையும் முடிந்தது. எழும்பி, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிலேயே இருந்துவிட்டேன்.

அவர் முன்பக்கம் திரும்பினார். "தெரியாது ஐயா. உப்பிடித்தான் கிடந்தது."

பாண்டிச்சேரி ஐயா குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுச் சொல்லுங்க. சொன்னத அப்படியே எழுதிப்பாங்க."

"ஓம் ஐயா. எழுதட்டும்."

சில கிழமைகளில் கடிதம் வந்தது. அறையில் பிரெஞ்சு வாசிக்கக்கூடியவன் நான்தான். அகராதியை வைத்துத் தட்டித் தடவி வாசித்தேன்.

"என்னவாம்?"

"இல்லையாம் அண்ணை."

"கோதைப் பற்றி என்ன எழுதியிருக்கு?"

ஒரு முழு வரி எழுதியிருந்தார்கள். காட்டிய பொருளை நம்ப முடியாது, அதைப் பற்றிச் சொன்னதால் மனுதாரரின் மற்றப் பேச்சையும் நம்ப முடியாது என்று.

"ஒண்டும் எழுதேல்லை" என்றேன்.

"அப்ப அது அவங்களுக்குத் தேவையில்லைத்தானே. திருப்பித் தரச் சொல்லி ஒரு கடிதம் எழுதும் தம்பி. என்ரை தம்பியின்ரை எண்டு என்னட்டை இருந்தது அது ஒண்டுதான்."

எழுதினேன். பதில் வரவில்லை. இன்னொன்றும் எழுதினேன். அதற்கும் பதில் வருவதற்கு முன்னரே அண்ணை புறநகரான பொபினியில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு அங்கேயும் இல்லையென்றார்கள்.