உமாவுக்கு எழுதிய பாட்டு

என் மகள் உமா பிறந்து நாற்பதாவது நாள் இறந்துபோனாள். யாரோடும் பேசாமல் கிடந்த அந்த மாதங்களில் அவளுக்காக ஒரு பாட்டு எழுதினேன். கரமனையில் பக்கத்து வீட்டுத் தோழி மீனாவிடம் மட்டும் அதைக் காட்டினேன். அவள் மெட்டுப் போட்டுப் பாடியபோதுதான் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது. "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்டி" என்றேன். சரி என்றாள்.

மறுவருடம், ஒரு புற்றுநோய் வார்டில் அவள் பாடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். "இது நான் எழுதினது" என்று சொல்லிவிட்டு அந்தப் பாட்டைப் பாடினாள். உமா என்று வரும் இடத்தில் வேறு பெயர் இருந்தது.

வராந்தாவில் அவளை நிறுத்தினேன்.

"எத்தனை பேருக்கு ஆறுதலா இருக்கு, பார்த்தியோ?" என்றாள்.

"என் குழந்தை பேரை ஏன்டி எடுத்தே?"

படியிறங்கிப் போய்விட்டாள்.

வாசலோரக் கட்டிலில் இருந்த, விழிஞ்ஞம் என்ற மீனவ ஊர் அம்மாள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கடலுக்குப் போன மகன் திரும்பி வராதவள் என்று பிறகு தெரிந்தது. "மோளே, உன் குட்டியோட பேரு எந்தா?" என்று மலையாளம் கலந்து கேட்டாள். சொன்னேன். "அந்தப் பேரு வச்சு நீ பாடு."

எனக்குப் பாட வராது. ஆனாலும் உமாவின் பெயரோடு பாடி முடித்தேன். அவள் என் கையை விடவில்லை.

"இனி என் மோன் பேரு வச்சு ஒண்ணு பாடுமோ? ஜோசப்."

பாடினேன். நாங்கள் இருவருமே அழுதோம்.

இப்போது வாரம் ஒருமுறை அந்த வார்டுக்குப் போகிறேன். கேட்பவர்களுக்கு அவர்கள் சொல்லும் பெயரை வைத்துப் பாடுகிறேன். மீனாவோடு பேச்சில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாட்டை அவளுக்கும் கொடுத்திருப்பேன் என்ற வருத்தம்தான் இன்னும் ஆறவில்லை.