ஒளித்து வைத்த ட்ரம்கள்

நோய் வந்த பிறகு போனால் கும்பிடுகிறவர்கள், வருமுன் போனால் கதவைச் சாத்திக்கொள்கிற தொழில் பொது சுகாதாரம். இதில் மாட்டிக்கொண்ட சக மாணவர்களுக்கு இது புதிதல்ல. மருத்துவ சீட் கிடைக்காமல் பி.எஸ்சி. முடித்து, பிறகு இதில் சேர்ந்தவள் நான். தெரியாதவர்களிடம் பேசவேண்டும் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கருமத்தம்பட்டியில் ஒரு மாதக் களப்பயிற்சி. அதுவும் சரிவராவிட்டால் படிப்பை விட்டுவிடுவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஊசி உண்டா?

முதல் வீட்டில் விசைத்தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு வந்த சாந்தி அக்கா, “டாக்டருங்களா, நர்ஸுங்களா?” என்றார்.

“ரெண்டும் இல்லீங்க. காய்ச்சல் வராம பாத்துக்கறதுக்குப் படிக்கிறேனுங்க.”

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “ராணி, கதவத் தொற. ஊசி போடற புள்ள இல்லியாமா, சும்மா பேசிட்டுப் போற புள்ளதான்.”

தண்ணீரே இல்லாத வீடுகள்

அடுத்த தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு. அதனால் தண்ணீர் ட்ரம்களில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் வாரம் ஒருமுறை குழாய்த் தண்ணீர் வரும் அந்த வரிசையில் ஒரு ட்ரம்கூடக் கண்ணில் படவில்லை. எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சிரித்தார்கள்.

கூட வந்த சுகாதார ஆய்வாளர்தான் டீக்கடையில் விளக்கினார். புழு இருந்தால் சுகாதாரத் துறை ஆட்கள் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். வாரத் தண்ணீர் போச்சு. “நம்ம தோள்பையத் தெருமுனையில பாத்தாப் போதும்மா, ட்ரம்முக்குக் கால் மொளச்சிரும்.”

கட்டிலுக்குப் பக்கத்தில்

சாந்தி அக்காவின் மகள் காவ்யா, ஏழு மாதக் கர்ப்பிணி, பிரசவத்துக்காக வந்திருந்தாள். அவளைப் பார்க்க உள்ளே போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய சேலை போர்த்திய உயரமான ஏதோ ஒன்று. காவ்யா கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். சேலையைத் தூக்கி டார்ச் அடித்தேன். தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன.

வாசலில் சாந்தி அக்கா விறைத்து நின்றார். தைரியம் எங்கிருந்து வந்ததோ, பேச ஆரம்பித்துவிட்டேன். “கொட்ட மாட்டேனுங்க. ட்ரம் வாயத் துணியால கட்டியிருந்தாக் கொசு உள்ள போய் முட்ட வெக்காது.” தறியிலிருந்து கட்டம் போட்ட புதுத் துணி வந்தது. தண்ணீரைக் குடங்களில் வடிகட்டினோம், ட்ரம்மின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினோம், திரும்ப நிரப்பி இறுக்கிக் கட்டினோம்.

முடித்ததும் சாந்தி அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இத மொதல்லயே சொல்லியிருந்தா, முட்டி வலியோட இந்த ட்ரம்ம நான் எதுக்குங்க அம்மணி உருட்டறேன்?”

காய்ச்சல்

அடுத்த வாரமே காவ்யாவுக்குக் காய்ச்சல். போன் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். துணி கட்டுவதற்கு முன்பே பறந்துபோன கொசுக்கள் எத்தனையோ. ரத்தம் எடுத்து, முடிவு வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

டெங்கு இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்றார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். காவ்யாதான் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்: “காய்ச்சல் எனக்குங்க அக்கா. நீங்க எதுக்கு இப்படி எளச்சுப் போனீங்க?”

துணிப் போட்டி

தண்ணீரைக் கொட்டமாட்டோம், துணி கட்டினால் போதும் என்ற சேதி பரவி, மாதக் கடைசியில் அந்த வரிசையில் எல்லா ட்ரம்மும் வெளியே நின்றன, வாய் கட்டப்பட்டு. டார்ச்சோடு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்; புழு இல்லை. காய்ச்சல் என்று வேறு யாரும் படுக்கவும் இல்லை. கிளம்பும்போது ராணி அக்கா வழிமறித்தார்.

“ஏனுங்க அம்மணி, சாந்தி ஊட்டு ட்ரம்முக்கு மட்டும் கட்டம் போட்ட துணி, எங்களுக்குச் சாயமில்லாத வெறுங்காடாத் துணியா? என்ன நாயம்னு கேட்டுப்போட்டுப் போங்க.”

ஒரு தெருவில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதற்காக இவ்வளவு சந்தோஷப்படுகிறவள் வேறு எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று புரிந்துபோனதால், படிப்பைத் தொடர்கிறேன்.