பக்கத்து வீடு காலியாக இருக்கிறது

“…அதுவும் இப்பல்லாம் நம்ம தெருவுல தண்ணியே நிக்கறதில்லடி. மழைக்காலத்துல செருப்ப கையில புடிச்சிக்கிட்டு ஸ்கூலுக்குப் போவோமே, அந்தப் பள்ளத்துல சிமெண்ட் ரோடு போட்டுட்டாங்க. ஒனக்குப் புடிச்ச பன்னு கடைதான் இல்ல. போவட்டும், ஒனக்குத்தான் சக்கர இருக்கே” என்று சொல்லிக்கொண்டே அவள் செருப்பை வாசலில் விட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்திருப்பாள் போலிருந்தது.

கடலூரில் கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நகரில் நாங்கள் இருவரும் ஒட்டு வீடுகளில் வளர்ந்தோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்களுடையது சொந்த வீடு, எங்களுடையது வாடகை. நான் கல்யாணமாகிக் கிளம்பியதோடு சரி, பிறகு அம்மாவும் காலி செய்துவிட்டாள். அவள் மட்டும் கல்யாணத்துக்குப் பிறகும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். கணவர் காலமாகி நாலு வருடம், மகன் ஓசூரில். சிதம்பரத்தில் ஒரு பின்கட்டில் குடியிருக்கும் என் கதையும் அதே மாதிரிதான். அவர் இல்லை. மகள் காட்டுமன்னார்கோயிலில். சனிக்கிழமை டவுன் பஸ் பிடித்து வந்து மாத்திரை டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

“கண்டக்டர் என்ன சொன்னான் தெரியுமா? ‘பாட்டி, படியில நின்னு யோசிக்காதீங்க, உள்ள வந்து யோசிங்க’ங்கறான். பாட்டியாம்டி! அவனுக்கே தல பூரா நரச்சிக் கெடக்கு.”

சாப்பிட உட்கார்ந்தோம். அவள் அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது. யார் வாசலோடு திரும்பினாலும் அவர் விடமாட்டார். “நின்னபடியே போனா எங்க வூட்டு நாக்காலி கோவிச்சிக்கும்” என்பார். அதை அவர் குரலிலேயே இவள் சொல்லிக் காட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

“சுவத்துல தட்டுவோமே, ஞாபகம் இருக்கா? ஒண்ணு தட்டினா தோட்டத்துப் பக்கம் வா. ரெண்டு தட்டினா மோர் இருக்கா. மூணு தட்டினா போட்டது போட்டபடி ஓடியா.”

“இருக்கு.”

“நீங்க இருந்த வீட்டுக்கு இப்ப வெள்ள அடிச்சி புதுசாட்டம் பண்ணிட்டாரு ஓனரு. வெஸ்டர்ன் டாய்லெட் வெச்சிருக்காரு. முட்டி வலிக்கு நல்லது.”

“யாரு முட்டிக்கு?”

“குடி வர்றவுங்க முட்டிக்கு” என்றாள், இலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

இரண்டாம் தடவை ரசம் ஊற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. வந்ததிலிருந்து எல்லாப் பேச்சும் அந்த வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறது.

“என்னடி விஷயம், நேரா சொல்லு” என்றேன்.

சொன்னாள். போன மாதம் ஒரு மத்தியானம் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. “என்ன பண்ணேன் தெரியுமா? சுவத்தத் தட்டினேன். மூணு தட்டு. தட்டிட்டு, யாரோ வரப்போறாங்கன்னு பொடவைய சரி பண்ணிக்கிட்டுப் படுத்திருக்கேன். அப்பறந்தான் வீடு காலின்னு நெனப்பு வந்துது. சாயங்காலம் பால்காரம்மா வந்துதான் தூக்குனாங்க.”

நான் ரசக்கரண்டியைக் கீழே வைத்தேன்.

“நீ வந்துடேன்டி. சாவி என்கிட்டதான் இருக்கு. வீடு பாக்க வந்தவுங்ககிட்டல்லாம் எலி இருக்கு, பூரான் இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். மூணு நர்சு பொண்ணுங்க கேக்குறாங்களாம். இன்னிக்குள்ள பதில் சொல்லுன்னுட்டாரு ஓனரு.”

நியாயமான பேச்சு. இங்கே நான் தனி, அங்கே அவள் தனி. ஆனால் அவள் அந்தச் சுவரின் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவள். நான் இந்தப் பக்கம். சாயங்காலம் அப்பா வரும்போதே குடித்திருக்கிறாரா என்று நடையைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். எங்கள் வீட்டில் அடி விழ ஆரம்பித்ததும் அவர்கள் வீட்டு ரேடியோவின் சத்தம் கூடும். எங்கள் கூச்சல் பொறுக்காமல்தான் திருகுகிறார்கள் என்று நான் குறுகிப்போவேன். மறுநாள் அவளோடு பள்ளிக்கூடம் நடக்கும்போது ரோட்டைத்தான் பார்ப்பேன். மூன்று தட்டு தட்டினால் ஓடி வந்திருப்பார்கள். அம்மா தட்ட விடமாட்டாள். “நம்ம மானம் சுவத்துக்கு இந்தாண்டையே கெடக்கட்டும்” என்பாள்.

“எனக்கு அந்த வீட்டுல தூக்கம் வராதுடி” என்றேன்.

அவள் அப்பளத்தை உடைத்தாள். தின்னவில்லை.

“ஒங்கப்பாவாலயா?”

இத்தனை வருடப் பழக்கத்தில் அதைப் பற்றி அவள் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

“ஒங்களுக்குக் கேக்குமா?”

“ஒத்தச் செங்கல் சுவருடி, கேக்காம? எங்கம்மாதான் ‘ரேடியோவ ஜாஸ்தி வையி, நமக்குக் காது கேக்கலன்னு அதுங்க நெனச்சிக்கட்டும்’னு சொல்லும். பாட்டுன்னாலே ஆவாது அதுக்கு. ஒங்க வீடு அடங்குற வரைக்கும் அந்தப் பாட்டையே உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கும்.”

இதைக் கேட்டு மனசு லேசாகியிருக்க வேண்டும். முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கோபமாவது வந்திருக்கலாம். இரண்டும் இல்லை, அலுப்பாகத்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வாடகை வீடு பார்த்தாயிற்று. சாமான் கட்டுவதை நினைத்தாலே கை வலிக்கிறது. அதிலும், எந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்று கழுத்தை நீட்டினேனோ, அதற்கே பாத்திர மூட்டையோடு திரும்பிப் போக வேண்டும்.

“நீ இங்க வந்து இரேன். ரெண்டு பேருக்கு எடம் இருக்கு.”

“இங்க வந்தா நான் விருந்தாளிடி. சனிக்கிழமையானா ஒன் மவ மூஞ்சப் பாத்து டீ குடிக்கணும். பக்கத்து வீட்டுக்காரின்னா அது வேற. கோவம் வந்தா கதவச் சாத்திக்கலாம்.” உடைத்த அப்பளத்தை இலை ஓரத்தில் ஒதுக்கினாள். “அப்ப வரமாட்ட?”

பொய்யாக யோசிக்கிறேன் என்று சொல்லலாம். அதற்கும் தெம்பில்லை.

“வரமாட்டேன்டி. என்னால முடியாது.”

“செரி” என்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தாலும் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து போய்க் கை கழுவினாள், என் துண்டிலேயே துடைத்துக்கொண்டாள், பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனில் நம்பரைத் தேடினாள். வீட்டுக்காரர் எடுத்ததும், “நான்தாங்க. அந்தப் பொண்ணுங்களயே வரச் சொல்லிடுங்க” என்றவள், அவர் வைத்துவிடப் போகிறாரே என்ற அவசரத்தில், மூன்று பேருக்கும் ஒரே ஷிப்டா, இல்லை மாறி மாறி வருமா என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.