அரைக்கட்டை அரைக்கட்டையாக

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: சின்தஸைசர் வாங்கி ஒரு வருஷம் வரை எனக்கு அதில் ஒரேயொரு குமிழைத்தான் தெரியும். புல்லாங்குழல் கேட்கவில்லை என்றால் அதைத் திருகுவேன். குழலோடு பேஸும் வயலினும் சேர்ந்து கத்தும், கல்யாண ஹோலின் குசினிக்குள் நிற்கிற சமையற்காரர் எட்டிப் பார்ப்பார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வேன்.

பிறகுதான் கண்டுபிடித்தேன், அந்தப் பெட்டிக்குள் பதினாறு பேர் குடியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பார்ட். சத்தம், எதிரொலி, சுருதி எல்லாம் ஆளாளுக்குத் தனித்தனியாக வைக்கலாம். பாட்டுக்குரியதை நான் வீட்டில் ஒவ்வொரு பார்ட்டாக வாசித்துப் பதிந்து வைப்பேன். மேடையில் மெஷின் வாசிக்கும். நான் தலையாட்டுவேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச லண்டனில் ஆளில்லை.

பாடுவது அண்ணை. கூடப் பிறந்தவர் இல்லை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கிழமை நாட்களில் பெற்றோல் செட்டில் ஷிப்ட், சனிக்கிழமையில் கோட்டுப் போட்ட பாடகர். ஹரோவில் கல்யாணம், லூயிஷாமில் யாரோ பெண்பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு என்று இரண்டு பேரும் என் பழைய காரில் போவோம். சின்தஸைசரை என் மனைவியின் டூவேப் போர்வையில் சுற்றிப் பின் சீட்டில் படுக்கவைப்போம். அன்றிரவு அவளுடைய திட்டும் நிகழ்ச்சியில் ஒரு பகுதிதான்.

அண்ணைக்கு ஒரு பெருமை இருந்தது. "இருபத்தைஞ்சு வயசில பாடின அதே சுருதியிலதான் இண்டைக்கும் பாடுறன்" என்று மேடையிலேயே சொல்லுவார். சனம் கைதட்டும்.

ஐம்பது தாண்டியதும் அவருடைய மேல்ஸ்தாயி லேசாகக் கீறத் தொடங்கியது. சொன்னால் மனிதர் பாடுவதையே விட்டுவிடுவார். எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்க ஒரு பொத்தான் உண்டுதான். ஆனால் அதை அமத்தினால் சிவப்பு விளக்கு எரியும், அண்ணைக்கு அந்த விளக்கைத் தெரியும். அதனால் தாளத்தை மட்டும் விட்டு, மற்றப் பார்ட்டுகளை ஒவ்வொன்றாக அரைக்கட்டை இறக்கினேன்; மெஷின் கணக்கில் அது மைனஸ் ஒன்று. இரண்டு வருஷம் கழித்து இன்னும் ஒரு அரைக்கட்டை. அவர் கவனிக்கவில்லை. "பாத்தியே, குரல் இளகி வருது" என்றார். "ஓம் அண்ணை" என்றேன், மெஷினின் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு.

ரெய்னர்ஸ் லேனில் ஒரு கல்யாண வரவேற்பு. அண்ணைக்குத் தடிமன், மூக்கு அடைத்திருந்தது. அவர் முகம் கழுவப் போன இடைவெளியில் மூன்றாவது அரைக்கட்டையை இறக்கத் தொடங்கினேன். பேஸ் முடிந்தது, வயலின் முடிந்தது, கிட்டாரும் முடிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு அக்கா தட்டில் சுடச்சுட மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்தா. இரண்டு எடுத்தேன். மூன்று என்றும் சொல்லலாம். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது எல்லாவற்றையும் முடித்துவிட்டதாகவே நினைத்தேன்.

பல்லவியை அண்ணை அருமையாகப் பாடினார். அடுத்து வந்தது குழல், மற்ற எல்லாரையும்விட அரைக்கட்டை மேலே நின்றுகொண்டு. அண்ணை குழலைத்தான் நம்பினார். அதைப் பிடித்துக்கொண்டு சரணத்தில் ஏறினார். உச்சியில் குரல் உடைந்தது. முன்வரிசையில் ஒரு சின்னப்பிள்ளை சிரித்தது. அவர் நிறுத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தார். நான் தலையாட்டவில்லை.

வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அண்ணை வந்து பக்கத்தில் நின்றார்.

"பார்ட்டுகளைக் காட்டு."

"மெஷின் பழசண்ணை, சில நேரம் தானா இறங்கும்..."

"விசர்க்கதை கதையாதை. காட்டு."

ஒவ்வொன்றாகக் காட்டினேன். பேஸ், மைனஸ் மூன்று. வயலின், மைனஸ் மூன்று. கிட்டார், மைனஸ் மூன்று. குழலில் மைனஸ் இரண்டு. பிசகிப்போன குழல்கூட அவருடைய பழைய சுருதியில் இல்லை என்பதை அவர் வாசித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தச் சனிக்கிழமைகள் அதோடு முடிந்துவிட்டன என்றுதான் நினைத்தேன்.

"அண்ணை, நான் வந்து..." என்று இழுத்தேன்.

அவர் டூவேயை எடுத்து என் கையில் தந்தார்.

"அடுத்த முறை குழலையும் இறக்கு."