அப்பாவின் நான்கு மாண்டலின்கள்

அப்பா கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். மூக்குக் கண்ணாடிக் கடை. முன்பக்கம் முதலாளி உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்கில் ஃபிரேமை மாட்டி மாட்டி அழகு பார்ப்பார். பின்பக்கம், திரும்பினால் முழங்கை இடிக்கிற ஒரு அறையில், அப்பா லென்ஸைச் சக்கரத்தில் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சட்டைக் கையில் வெள்ளையாய்க் கண்ணாடித் தூள் ஒட்டியிருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தி உதறிவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரிடம் ஒரு மாண்டலின் இருந்தது. யாரிடமும் முறையாகக் கற்றுக்கொண்டதில்லை. ரேடியோவில் கேட்டதைத் தட்டித் தடவிப் பிடித்ததுதான். சுமாராக வாசிப்பார். தெரியாத இடம் வந்தால் தயங்குவார். நன்றாகத் தெரிந்த இடம் வந்துவிட்டாலோ வீடு திரும்புகிற மாடு மாதிரி ஒரே ஓட்டமாக ஓடுவார். வாசிக்கும்போது மூக்கால் உஸ் உஸ்ஸென்று மூச்சு விடுவார். இதெல்லாம் அவருக்குத் தெரியாது. தன்னைத் தானே அதுவரை கேட்டதில்லையே.

நாங்கள் இருந்தது ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை. கீழே காற்றடிக்கிற மெஷின் நாள் முழுக்கத் தடதடக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும் என்பதால் அப்பாவின் சங்கீதம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் வீட்டுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது. அதில் கேட்கலாம், பதிந்தால் மட்டும் தொண்டை கட்டினவர் பேசுகிற மாதிரி இருக்கும். அதனால் சித்தப்பாவிடமிருந்து அவருடைய மெஷினையும் ஒரு வாரத்துக்கு அப்பா வாங்கி வந்தார். அந்த ஒரு வாரம் ஆறு வருஷம் ஓடியது. சித்தப்பா எப்போது வீட்டுக்கு வந்தாலும் நேராகப் போய் மெஷினைத் தடவிக் கொடுத்து, "நல்லா இருக்கியாப்பா? சாப்பாடெல்லாம் ஒழுங்கா போடறாங்களா?" என்று விசாரிப்பார்.

இரண்டு மெஷின் வந்ததும் அப்பாவுக்கு ஒரு யோசனை பிறந்தது. முதலில் ஒரு பகுதியைத் தனியாக வாசித்துச் சித்தப்பா மெஷினில் பதிய வேண்டியது. அந்த டேப்பை எங்கள் மெஷினில் போட்டு ஓடவிட்டு, அதோடு சேர்ந்து இரண்டாவது பகுதியை வாசிக்க வேண்டியது. இரண்டையும் சேர்த்துச் சித்தப்பா மெஷின் பிடித்துக்கொள்ளும். பிறகு அதை ஓடவிட்டு மூன்றாவது. பிறகு நான்காவது. கடைசியில் கேட்டால் நான்கு பேர் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். நான்கு பேருமே அப்பா.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான்காவது சுற்றில் தந்தி அறுந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டே போக, அப்பாவும் அதற்கு ஈடாகத் தந்தியை முறுக்கிக்கொண்டே போயிருக்கிறார். மறு வாரம் இன்னொரு தந்தி. அப்பா இரண்டு மெஷினையும் கழற்றிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், திட்டியும் பார்த்தார்.

அம்மா அப்போது ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தம்பி மெஷின் மெதுவா சுத்துதுங்க. அதுல பதிஞ்சத நம்ம மெஷின்ல போட்டா வேகமா ஓடுது. அதான் மேல ஏறுது" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கேக்குதே."

அப்பா இரண்டு மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, அதுக்கு இப்ப என்ன பண்றது?"

"ஏறும்னுதான் தெரியுமில்ல? கீழேருந்து ஆரம்பிங்க."

தந்தியைத் தளர்த்தி, தொய்ந்த சுருதியில் முதல் பகுதியை வாசித்தார். நான்காவது சுற்று முடிந்தபோது எல்லாம் சரியான இடத்துக்கு வந்து நின்றது. அப்பா எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு தடவை நடந்தார். அம்மா மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அம்மாதான் பொத்தானை அமுக்கினாள். அவளுக்குச் சங்கீதம் தெரியாது. பாடிக்கூட நான் கேட்டதில்லை. ஆனால் காது இருந்தது. "எங்கேயோ முனகுது" என்று வீடு முழுக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்து, கடைசியில் ஃபிரிட்ஜைக் கண்டுபிடித்து அணைத்தாள். (மறுபடி போட மறந்து பால் திரிந்துபோனது.) சுவர்க் கடிகாரத்தைப் போர்வையில் சுற்றிக் குளியலறையில் வைத்தாள். மைக்கை அப்பாவின் முன்னால் வைக்காமல் துணி அலமாரிக்குள், தொங்கும் சட்டைகளுக்கு நடுவே வைத்து, கதவைக் கால்வாசி திறந்து வைத்தாள். அது எப்படித் தோன்றியது என்று கேட்டால், "அலமாரிக்குள்ள தலைய விட்டுத் துணி தேடும்போது நீங்க வாசிச்சீங்க. அங்க நல்லா இருந்துச்சு" என்பாள். எந்த டேப், எந்தத் தேதி, மைக் எங்கே, கதவு எவ்வளவு என்று என்னுடைய பழைய நோட்டில் எழுதி வைத்தாள்.

சில நாளிலேயே அவள் குறை சொல்லவும் ஆரம்பித்தாள்.

"நீங்க மூச்சு விடறது கேக்குது."

"மூச்சு விடாம எப்படிம்மா வாசிக்கிறது?"

"வாய வச்சு விடுங்க. மூக்கால வேண்டாம். அப்புறம் மூணாவது பகுதியில ஓடறீங்க."

"ஓடலை."

அம்மா டேப்பைப் பின்னால் ஓட்டிப் போட்டுக் காட்டினாள். அப்பா கேட்டார். "கொஞ்சம்தான்" என்றார்.

இப்படி இரண்டு வருஷம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பாட்டு இல்லை, பாட்டுக்கு முன்னால் இருக்கிற அந்த அமைதி. ஃபிரிட்ஜ் இல்லை, கடிகாரம் இல்லை, கீழே மெஷின் இல்லை. தரையில் ஜன்னல் வெயில். நான் கட்டில் மேல் கால் ஆட்டாமல் உட்கார்ந்திருப்பேன். அம்மா இரண்டு கையையும் இரண்டு மெஷின் மேல் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்ப்பாள். அப்பா தலையை ஆட்டுவார்.

ரேடியோ நிலையத்தில், வீட்டில் வாசிக்கிறவர்களுக்கென்று வாரம் ஒருமுறை பதினைந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். டேப் அனுப்பினால் கேட்டுப் பார்த்துச் சொல்வார்கள். சித்தப்பா உசுப்பிவிட, அப்பா ஒரு டேப்பை அனுப்பினார். உறைக்குள் வைத்த கடிதத்தில் 'வாசித்தவர்' என்று தன் பெயரையும், அதன் கீழே 'பதிவு: மனைவி' என்றும் எழுதினார். அம்மா, "அதெல்லாம் எதுக்கு?" என்றாள். "உண்மைதானே" என்றார்.

அதன் பிறகு தினமும், "தபால் வந்ததா?" என்று கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார். ஒரு மாதம் போனது. பிறகு ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை விரல் வலிக்கிறது என்று மாண்டலினைத் தொடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து, சுருதி சேர்த்து, அம்மா பொத்தானில் கை வைத்ததும் கீழே இறக்கி வைத்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"ரெண்டு விலாசமும் கொடுத்திருந்தேன், கடைக்கு வந்துச்சு. பதினோரு நாளாச்சு."

அம்மா வாசித்தாள். நானும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். பாதி ஒரு விஷயம், பாதி வேறு விஷயம். தங்கள் வாசிப்பில் ஆர்வம் தெரிகிறது, ஆனால் ஒலிபரப்புக்கு உரிய தேர்ச்சி இன்னும் வரவில்லை, தயவுசெய்து தவறாக எண்ண வேண்டாம் என்று முதல் பாதி. இரண்டாம் பாதியில், இந்தப் பதிவு எந்த இடத்தில், என்ன கருவியில் செய்யப்பட்டது, பதிவு செய்தவர் நேரில் வர முடியுமா, நிலையத்தில் ஒலிப்பதிவு உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது என்றிருந்தது.

அம்மா கடிதத்தை மடித்தாள்.

"பதினோரு நாள் பையிலேயே வச்சிருந்தீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

அப்பா மாண்டலின் மேல் இருந்த தூசியைத் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை. "மொத பாதிய மட்டும் சொல்லிடலாம்னு பாத்தேன். அதுவும் சொல்ல முடியல. ரெண்டாவது பாதியச் சொன்னா மொதல் பாதியையும் சொல்லணும். பொறாமைதான், வேற என்ன" என்றார்.

பெரியவர்கள் அந்த வார்த்தையைத் தங்களைப் பற்றிச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அம்மா அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மறுபடி கடிதத்தைப் பிரித்து முதல் பாதியைப் படித்தாள்.

"இவங்க சொல்றது சரிதாங்க. அந்த டேப்புல மூணாவது பகுதி ஓட்டம்தான். அத அனுப்ப வேண்டாம், பச்சை அட்டை போட்டத அனுப்புங்கன்னு சொன்னேன். கேட்டீங்களா?"

அப்பா அவளைப் பார்த்தார். முதலில் அவருடைய தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். எனக்கு ஒன்றும் புரியாமல் நானும் சிரித்தேன்.

அந்த வாரமே அப்பா கடையில் அரை நாள் லீவு போட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். என்னையும் அழைத்துப் போனார்கள். ஒலிப்பதிவுப் பொறுப்பாளர் கட்டைக் குரலில் பேசுகிற ஒரு பெண்மணி. என்ன மைக் என்று கேட்டார். மெஷினோடு வந்ததுதான் என்றாள் அம்மா. அறைக்கு என்ன செய்தீர்கள் என்றதற்கு அலமாரியைப் பற்றியும், ஃபிரிட்ஜைப் பற்றியும், தொய்ந்த சுருதியைப் பற்றியும் சொன்னாள். அந்தப் பெண்மணி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "சார் யாரு?" என்றார்.

"நான்தாங்க மாண்டலின்" என்றார் அப்பா.

அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தது. பிறகு ஐந்து நாளாயிற்று. அம்மா வேலைக்குப் போகிற நாட்களில் அப்பா சமைத்தார். ஒன்று, உப்பே இருக்காது; இல்லாவிட்டால் இரண்டு மடங்கு இருக்கும். சித்தப்பா, "அண்ணி, அங்க ரேடியோவுல ஒலி நல்லா இருக்கு, இங்க குழம்பு இரையுது" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப் பதிவு நிற்கவில்லை. அம்மாவின் கண்டிப்பு மட்டும் கூடிப்போயிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருஷமோ என்னவோ, ஒரு நாடகப் பதிவில் இரண்டு காட்சிக்கு நடுவே மாண்டலின் வேண்டியிருந்தது. வாசிக்க வேண்டியவர் காய்ச்சல் என்று வரவில்லை. நடிகர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். "எனக்கு ஒருத்தரத் தெரியும். நிறைய தடவ எடுக்க வேண்டியிருக்கும்" என்று அம்மா சொன்னாளாம்.

கடைக்குப் போன் வந்தது. அப்பா வீட்டுக்கு ஓடி மாண்டலினை எடுத்துக்கொண்டு, சட்டையைக்கூட மாற்றாமல் போனார். அங்கே நடந்ததை அம்மா எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் அம்மா. முதல் எட்டுத் தடவையும் சரிவரவில்லை. நாடகக்காரர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா தன் பக்கத்து மைக்கின் பொத்தானை அமுக்கி உள்ளே பேசினாள்.

"யாரையும் பாக்காதீங்க. நான் இங்க துணி மடிச்சிட்டிருக்கேன்னு நினைச்சுக்குங்க. நான் உங்களக் கேக்கவே இல்ல."

ஒன்பதாவது சரியாக வந்தது. அவசரமில்லை, உஸ்ஸில்லை. பதிவு முடிந்ததும் நாடகக்காரர்களில் ஒருவர், "இவர் யாரு, எங்க வாசிக்கிறார்?" என்று கேட்டாராம். "அலமாரிக்கு முன்னால" என்று அம்மா சொன்னதை அவர் ஏதோ சபாவின் பெயர் என்று நினைத்துக்கொண்டாராம்.

நாடகம் ஒலிபரப்பான அன்று சித்தப்பா வீட்டில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். இருபத்தெட்டு நொடி. அதிலும் கடைசி ஐந்தாறு நொடிக்கு மேல் ஒருத்தி பேச ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் அறிவித்த பெயர்களில் அப்பா பெயர் இல்லை; விட்டுப்போயிருந்தது. சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எழுதிப் போடுங்கண்ணா" என்றார். அப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"அவ பேரு வந்துச்சே, கேட்டேன்" என்றார். அது அவர் சும்மா சொன்னது இல்லை. 'ஒலிப்பதிவு' என்று சொல்லி அம்மாவின் பெயரைச் சொன்னபோது நான் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரேடியோவுக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

வருஷங்கள் ஓடின. டயர் கடைக்காரர் கட்டடத்தை விற்றார். நாங்கள் வேறு வீடு மாறினோம். எனக்குக் கல்யாணமாயிற்று. அம்மா ஓய்வு பெற்றாள். லென்ஸ் தேய்த்துத் தேய்த்து அப்பாவின் விரல் மூட்டுகள் வீங்கி, மாண்டலினைப் பிடிக்க முடியாமல் போனது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. சக்கரத்தில் வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் வருவதுதான் என்பார்.

அவருடைய கடைசி வருஷத்தில் ஒரு மத்தியானம் நான் போனபோது இருவரும் தரையில் டேப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நூற்றுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, வைத்துக்கொள்ள வேண்டியது இடது பக்கம், வேண்டாதது வலது பக்கம் என்று அம்மா பிரித்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம்தான் குவிந்து கிடந்தது.

"என்னம்மா இது, எல்லாத்தையும் தூக்கிப் போடறியா? அப்பா வாசிச்சதாச்சே" என்றேன்.

அப்பா, "அவளுக்குத் தெரியும், விடு" என்றார். இன்னொரு டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அம்மா கடைசியில் பதினான்கு டேப் வைத்துக்கொண்டாள். அடுத்த மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். இப்போது அந்தப் பதினான்கும் என்னிடம் இருக்கின்றன. டேப்பைக் கேட்கிறவர்கள், உங்கள் அப்பா பெரிய வித்வானா என்கிறார்கள். இல்லை, கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார் என்று சொல்கிறேன். ஆனால் அந்தப் பதினான்கிலும் அவர் நன்றாகத்தான் வாசித்திருக்கிறார்.