சும்மா விளையாட ஓர் இடம்

மகளுக்குத் தலை பின்னிவிடும்போதுதான் அதைப் பார்த்தேன். இடது புருவத்தின் ஓரம் மொட்டையாக இருந்தது. படை ஏதும் வந்திருக்குமோ என்று தடவிப் பார்த்தேன். சட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள்.

"நானேதாம்மா பிடுங்கினேன்."

"ஏன் ஆத்தா?"

"தெரியல. படிக்கும்போது கை தன்னால போகுது."

அப்போதுதான் அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தாள். பள்ளி வேன் வரும் நேரத்துக்குச் சரியாக வயிறு வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. ராத்திரி தூங்காமல் புரண்டுகொண்டிருப்பாள். நாங்கள் நாகல் நகரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் நத்தம் ரூட்டில் பஸ் ஓட்டுகிறார். நான் சேலைக் கடையில் பில் போடுகிறேன். பகல் முழுக்க அவளைப் பார்க்க ஆளில்லை. பார்த்திருந்தாலும் பெரிதாகக் கண்டுபிடித்திருப்போம் என்று தோன்றவில்லை. எந்நேரமும் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்?

மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனேன். வயதில் என்னைவிடச் சின்னப் பெண். மகளிடம் தனியாகப் பேசிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"மாத்திரை இப்போதைக்கு வேணாம்மா. வாராவாரம் கூட்டிட்டு வாங்க, பேசுவோம். ஒண்ணு சொல்லுங்க, இவ கடைசியா வெளியில ஓடியாடி விளையாண்டது எப்ப?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ரெண்டு பேருக்கும் தெரியவில்லை.

"தினமும் கொஞ்ச நேரம் விளையாடட்டும். வெயிலு, காத்து, கூட நாலு புள்ளைக. அது மட்டுமே மருந்துன்னு சொல்லல. ஆனா அது இல்லாம நான் பேசுறது எதுவும் ஒட்டாது."

இம்புட்டுத்தானா என்று நிம்மதியாக வெளியே வந்தேன். எவ்வளவு பெரிய காரியத்தைச் சொல்லியிருக்கிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது.

முதலில் தெரு. இறகுப் பந்து மட்டை வாங்கிக் கொடுத்து, கடையிலிருந்து சீக்கிரம் வந்து நானே அவளோடு இறங்கினேன். ரெண்டு பக்கமும் பைக்குகள், நடுவில் ஆட்டோக்கள். பந்து ஒரு காரின் மேல் விழுந்ததும் எதிர் வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து கத்தினார். "ஏம்மா, பெரிய மனுசி நீங்களே இப்படிப் பண்ணலாமா?" இறகுப் பந்து பட்டு எந்தக் காருக்கு என்ன ஆகிவிடும்? கேட்க நினைத்தேன். மகள் அதற்குள் மாடியேறிப் போய்விட்டாள்.

அடுத்து பூங்கா. வாசலிலேயே போர்டு: புல்தரையில் விளையாடக் கூடாது. நடப்பவர்களுக்குப் பாதை உண்டு, உட்காருபவர்களுக்குப் பெஞ்சு உண்டு. ஓடுகிற பிள்ளைக்கு மட்டும் அங்கே இடமில்லை.

சரி, பணம் கட்டியாவது சேர்த்துவிடலாம் என்று ஒரு பயிற்சி மையத்துக்குப் போனேன். பயிற்சியாளர் மகளை மேலும் கீழும் பார்த்தார்.

"பதினாலு வயசா? லேட்டு மேடம். டிஸ்ட்ரிக்ட் லெவல் போறதே கஷ்டம்."

"எந்த லெவலும் வேணாம் சார். சும்மா விளையாடணும்."

"சும்மாவா?" என்றார். அந்த வார்த்தையை அவர் அதுவரை கேட்டதே இல்லை போலிருந்தது.

எல்லாவற்றையும்விட எரிச்சல் பள்ளிக்கூடத்தின் மேல்தான். டைம் டேபிளில் பி.டி. பீரியட் இருந்தது. ஆனால் ஒன்றைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார், இன்னொன்றை அறிவியல் டீச்சர். மைதானத்தில் பள்ளி பஸ்கள் நிற்கும். தலைமை ஆசிரியையைப் பார்த்து மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எங்களுக்கும் அக்கறை இருக்கும்மா. போன வாரம்தான் மாணவர் மனநலம் பத்தி ஸ்பெஷல் மீட்டிங் வச்சோம். வெளியிலருந்து ஆள் வந்து பேசினாங்க."

வீட்டுக்கு வந்து மகளிடம் விசாரித்தேன். "ஆமாம்மா, ஹால்ல உக்கார வச்சாங்க. தினமும் வெளியில போய் விளையாடுங்கன்னு சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினோம்."

"எந்த பீரியட்ல?"

"பி.டி. பீரியட்ல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

வடமதுரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான், பஸ் ஜன்னல் வழியாக ஒரு அரசுப் பள்ளி மைதானத்தைப் பார்த்தோம். பெண் பிள்ளைகள் கோகோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். மகள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாள் சாயங்காலம் அவளை அங்கே கூட்டிப் போனேன். விளையாட்டு டீச்சர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க ஸ்கூல் புள்ளைகளத்தான் சேக்கலாம்மா. நாளைக்கு ஏதாச்சும் அடிபட்டா யாரு பதில் சொல்றது?"

"நானே இங்க இருந்து பாத்துக்குறேன் டீச்சர்."

நான் நின்ற நிலையைப் பார்த்தாரோ, மகளின் புருவத்தைப் பார்த்தாரோ, தெரியாது. "சரி, இன்னைக்கு ஒரு ஆளு குறையுது. போய் உக்காரு பாப்பா" என்றார்.

முதல் நாள் ஓடத் தெரியாமல் ஓடி உடனே அவுட் ஆனாள். முதுகில் தட்டி "கோ" என்றால் எழுந்திருக்கக்கூட யோசித்தாள். "ஏய், எந்திரிச்சு ஓடுடீ!" என்று அவளைவிடச் சின்னப் பிள்ளை ஒன்று அதட்டியது. முகம் வாடிவிடும், இனி வர மாட்டாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது, முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டியபடி, அந்தச் சின்னப் பிள்ளை எப்படி வளைந்து ஓடுகிறது என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். அன்று ராத்திரி சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் பத்தவில்லை என்று சண்டை போட்டாள். அவள் சாப்பாட்டுக்குச் சண்டை போட்டு எத்தனை காலமாயிற்று!

டீச்சர் தினமும் வரச் சொல்லிவிட்டார். வயிற்று வலி மெல்லக் குறைந்தது. மருத்துவரிடமும் முன்பைவிடப் பேச ஆரம்பித்தாள். இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் தொடங்கினார்கள். தினமும் சாயங்காலம், சரியாக கோகோ நேரத்தில்.

வீட்டில் பெரிய சண்டை. "பத்தாவது வரப்போகுது. இப்பப் போயி விளையாட்டா? கோகோ ஆடுனா காலேஜ்ல சீட்டுத் தருவானா?" என்றார் கணவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ராவும் பகலும் வண்டி ஓட்டி ஃபீஸ் கட்டுகிறவர்.

"புள்ள தன் முடியத் தானே பிடுங்குனப்ப காலேஜ் சீட்டு எங்க போச்சு?" என்றேன். கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். உள்ளே மகள் படித்துக்கொண்டிருந்தாள். அதன்பின் அவர் தடுக்கவில்லை. சம்மதித்தார் என்றும் சொல்ல முடியாது.

பள்ளியில் கெஞ்சி வாரத்தில் ரெண்டு நாள் மட்டும் விலக்கு வாங்கினேன். அந்த ரெண்டு நாளுக்கும் மறுநாள் காலையில் அவளை எழுப்பி நிறுத்தி, முந்தின நாள் நடத்தியதைக் கேட்கிறார்களாம். திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். "பொதுவாத்தான் கேட்டோம்" என்றார்கள். சில வாரங்கள் அவள் கை மறுபடியும் முகத்துக்குப் போனது. பிள்ளையைச் சரியாக்க ஒரு மணி நேரம் கேட்டால், அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அவளைத் தண்டிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

போன வாரம் கடையில் இருந்தபோது பள்ளியிலிருந்து போன் வந்தது. இனி எல்லா நாளும் டெஸ்ட், விலக்குக் கிடையாது என்றார்கள்.

"என் புள்ள அந்த ரெண்டு நாளும் வர மாட்டா மேடம்."

"அப்ப மார்க் கொறஞ்சா எங்ககிட்ட வந்து கேக்கக் கூடாது."

"கேக்கல" என்று வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு போன். மகளின் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் அம்மா. யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலத் தணிந்த குரலில் பேசினார்.

"அக்கா, உங்க பொண்ணு சாயங்காலம் எங்கயோ விளையாடப் போகுதாமே. அங்க பசங்களயும் சேத்துக்குவாங்களா?"