புதன் பிற்பகல், பூஜை நேரம்

சேரன்மகாதேவியில், வீட்டின் முன்கட்டில் இருக்கும் என் கிளினிக்கிற்கு வருபவர்களில் பாதிப் பேர், இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று சொன்னால் கருவியின் மேல் பழியைப் போடுவார்கள். பாளையங்கோட்டையில் இருதய மருத்துவர் ஒருவர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு நெற்றியைச் சுருக்கியபோது நானும் அதையேதான் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வாரத்துல ஒரு பிற்பகலாவது படுத்து எந்திரிங்கம்மா. அடுத்த தடவையும் இப்படியே இருந்துச்சுன்னா கிளினிக்கை மூடச் சொல்லிருவேன்."

விடியலில் பூஜையறைப் பெருமாள் முன் நின்று பாசுரம் ஓதுவதும், பிறகு வந்து நோயாளியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதும் எனக்கு ஒரே வழிபாட்டின் இரு பகுதிகள். ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி என்று தெரியாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

என் கணவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்தியைக் கேட்டதும் அவர் முகத்தில் கவலையைவிட உற்சாகமே மிகுதியாகத் தெரிந்தது. ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் பெரிய தாளொன்றை விரித்து, வாரம் முழுவதையும் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறும் கல்யாண விருந்தும் முடிந்து ஊரே திரண்டு வரும் திங்கட்கிழமைக்கு வேறு பணி எதுவும் இல்லை. புது வைத்தியம் தொடங்க எவரும் விரும்பாத செவ்வாய்க்கிழமை, பழைய நோயாளிகளுக்கும் தேங்கிக் கிடக்கும் காகித வேலைகளுக்கும். வியாழன், படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதற்கு. புதன் பிற்பகலை மட்டும் வெறுமையாக விட்டார்.

"அந்த நேரத்துல யாராவது வந்தா?" என்றேன்.

"தண்டவாளத்தையே அப்பப்ப மூடிப் போட்டுத்தான் ரிப்பேர் பாப்போம். நீ என்ன தண்டவாளத்தைவிட உறுதியா?"

வெறுமையாக விட்ட கட்டத்தை ஊர் புறம்போக்கு நிலமாகவே பாவித்தது. முதல் புதனன்று வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். டோக்கன் கொடுக்கும் பெண் கையைப் பிசைந்தாள். "டாக்டரம்மா படுத்திருக்காங்கன்னுதான் சொல்லுதேன். 'அப்ப சும்மாத்தானே இருக்காங்க, எழுப்பு தாயி'ங்காங்க. நான் என்ன செய்ய?"

அடுத்த ஞாயிறு, என் கணவர் அந்தக் கட்டத்தில் 'பூஜை' என்று எழுதினார். நான் தயங்கினேன்.

"பள்ளிகொண்ட பெருமாளைத்தானே கும்பிடுதே? நீயும் அவரை மாதிரி படுத்துக்கோ."

"அவருடையது அறிதுயில். என்னுடையது குறட்டை."

"அது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதுல்லா."

மறுக்கத் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன். அந்த ஒரு சொல் செய்த வேலையை எந்த மருந்தும் செய்ததில்லை. மருத்துவர் உறங்கினால் எழுப்பலாம். பூஜையில் இருந்தால் வாசற்படியைக்கூட மிதிக்கக் கூடாது. சில புதன்கிழமைகள் அப்படியே சுகமாகக் கழிந்தன.

பிறகு ஒரு புதனன்று கண் விழித்து வெளியே வந்தால், பெஞ்சு நிறைய ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் தேங்காய், வெற்றிலை, கதம்பம். ஊசி போட்டுக்கொள்ள வந்த முகம் ஒன்றுகூட இல்லை.

"பூஜையில இவங்களுக்கும் வேண்டிக்கணுமாம். தள்ளுமுள்ளு ஆயிரக் கூடாதுன்னு டோக்கன் கொடுத்துட்டேன்" என்றாள் அந்தப் பெண், பெருமை பொங்க.

முதல் டோக்கன், ஆற்றோரம் வயல் வைத்திருக்கும் பெரியவருடையது. "எனக்கு விசாகம், பேரனுக்குப் பூரட்டாதி. சேத்துச் சொல்லிருங்கம்மா."

அவருக்கு அடுத்து ஓர் இளம்பெண் துளசி மாலையோடு நின்றாள். கைக்குழந்தைக்கு மறுநாள் அறுவை சிகிச்சை. அதற்கு அனுப்பி வைத்ததே நான்தான். "போன வாரமும் உங்க பூஜை நேரத்துல வாசல்ல நின்னுதான் கும்பிட்டுட்டுப் போனேம்மா. நீங்க வேண்டுனா அவரு கேப்பாரு" என்றாள்.

போன வாரம் அந்நேரம் நான் தலையணையைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். துயில்கொள்ளும் இறைவனைப் பிள்ளைப் பருவம் முதல் பாடிவந்த நாக்கு, தன் துயிலை ஒப்புக்கொள்ள அத்தனை கூசியது. ஆயினும் அந்த மாலையைப் பொய்யோடு வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"நான் பூஜை பண்ணலைம்மா. உறங்கிக்கிட்டிருந்தேன்."

பெரியவர்தான் முதலில் கேட்டார். "அப்போ போன புதன்?"

"அன்னைக்கும் உறக்கந்தான்."

"எனக்குச் சர்க்கரை குறைஞ்சிருக்கே?"

"அது மாத்திரை, அண்ணாச்சி."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இளம்பெண் மட்டும் சிரிக்கவில்லை. "இப்ப வேண்டிக்கிடுவீங்களா?" என்று கேட்டாள். அவளை உள்ளே அழைத்துப்போய், மாலையைப் பெருமாளுக்குச் சாற்றி, எனக்குத் தெரிந்த பாசுரங்களில் ஒரு பதிகத்தை முழுவதுமாக ஓதினேன்.

வெளியே வந்து எல்லோரிடமும் உள்ளதைச் சொன்னேன். இரத்த அழுத்தம், மருத்துவர் சொன்னது, கிளினிக்கை மூட வேண்டி வரலாம் என்பது எல்லாம்.

"மூடிட்டா நாங்க ஒரு காய்ச்சலுக்கும் திருநெல்வேலிக்கில்லா பஸ் ஏறணும்? அதுக்கு என்னத்துக்கும்மா சாமியை இழுத்தீக?" என்றார் பெரியவர். "உறங்குங்க. எவன் வந்து எழுப்புதான்னு பாக்கேன்."

அந்த ஞாயிறு என் கணவர் 'பூஜை'யை அடித்துவிட்டு 'உறக்கம்' என்று எழுதினார். குழந்தை நலமாக வீடு திரும்பியது. அடுத்த பரிசோதனையில் என் இரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது. கிளினிக் திறந்தே இருக்கிறது.

இப்போது புதன்தோறும் பெரியவர் மதியச் சோற்றை முடித்துக்கொண்டு வந்து வாசல் பெஞ்சில் அமர்ந்துவிடுகிறார். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் போதும்.

"ஏலே, மணியை அடிக்காத. பைய போ லே. டாக்டரம்மா உறங்குதாங்க, தெரியுதா?"

அந்தக் குரல் ஆற்றின் அக்கரைவரை கேட்கும். நான் புரண்டு படுத்துக்கொள்கிறேன்.